சீட்டுப் பக்கத்தில் நீ விட்டுப்போன கேள்வி

இன்று காலை உடன்குடி அண்ணாச்சி போன் செய்தார். நாம் இருவரும் சேர்ந்து வலைத்தளம் செய்துகொடுத்தோமே, அந்தக் கருப்பட்டிக் கடைக்காரர்தான்.

"ஏம்மா, கம்ப்யூட்டரு என்னையப் பொம்பளப்புள்ள கணக்கா ஏட்டிங்குது. சாப்பிட்டியான்னு வேற கேக்குது. எனக்கு வயசு அறுபத்திரெண்டு, பாத்துக்கிடுங்க."

பழைய வாடிக்கையாளர்களுக்குப் புதுக் கருப்பட்டியில் கொஞ்சம் மாதிரிக்கு அனுப்ப, முகவரிச் சீட்டுகளை வரிசையாக அச்சடித்துக்கொண்டிருந்தாராம். அவற்றில் ஒன்று பேசியிருக்கிறது. நானும் வலைத்தளத்தில் அந்தச் சீட்டுப் பக்கத்தைத் திறந்தேன். திரையின் நடுவே சின்னப் பெட்டி எழுந்தது. 'ஏட்டி, சாப்பிட்டியா?' அதன் கீழே 'சரி' என்றொரு பொத்தான்.

ஆவி, சகுனம் இவற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். டேட்டாபேஸில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பொத்தானை அழுத்த நெடுநேரம் கை வரவில்லை.

நாம் வேலை பார்த்த கொக்கிரகுளத்து மாடி அறையில் மதிய வேளைகளில் ஆற்றின் வெளிச்சம் கூரையில் நெளியும். கரன்ட் போய்விட்டால் நீ நாற்காலியைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படிக் கரன்ட் போய் வந்த ஒரு மதியத்தில்தான் கடையின் ஆர்டர் பக்கத்தில் உன் பெட்டி முதன்முதலாக எழுந்தது. வாடிக்கையாளர்போல் ஆர்டர் போட்டு, முகவரிக் கட்டத்தில் முகவரிக்குப் பதிலாக பெட்டியை எழுப்பும் ஒரு வரி நிரலை எழுதியிருந்தாய்.

தவறு என்னுடையது. நம் ஊர்ப்பக்கம் முகவரி என்பது பாதி வழி சொல்வதுதானே. மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் 'பள்ளிவாசலுக்குப் பின்னால், தறிச் சத்தம் கேட்கும் சந்து, பச்சைக் கதவு' என்று நான்கு வரி எழுதியிருந்தார். அது சீட்டில் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வர, படிக்க முடியவில்லை என்று கடையில் குறைபட்டுக்கொண்டார்கள். வரிகள் பிரிந்து தெரிவதற்காக, எழுதியதை வெறும் எழுத்தாகவே காட்டும் பாதுகாப்பை அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் எடுத்துவிட்டேன். நம் சர்வர் பக்கத்தை முழுதாகக் கட்டி அனுப்பும்போது, யாரோ எழுதியதும் அப்படியே அதற்குள் போயிற்று. பக்கம் வந்து சேரும் பிரவுசருக்கு எது நம் நிரல், எது வெளியாள் எழுதியது என்று தெரியாது. இரண்டையும் ஓட்டிவிடும். கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று நான் கல்லூரியில் பாடம் எடுத்த விஷயம்தான்.

"கருப்பட்டி வாங்க வாரவன் இதையெல்லாமா எழுதப் போறான்?" என்றேன்.

"நான் எழுதிட்டேம்லா," என்றாய். "வெளிய இருந்து வாரது எழுத்தாவே கெடக்கட்டும், ஏட்டி. அதுக்கு வாயக் குடுக்காத."

எதையும் நம்பாதவள் என்று என்னைக் கேலி செய்வாய். முன்பின் தெரியாத வாடிக்கையாளரை மட்டும் எப்படி நம்பினேனோ. ஆர்டர் பக்கத்தை அன்றே சரிசெய்தேன். சீட்டுப் பக்கம் அதிலிருந்து பிரதியெடுத்த தனிப் பக்கம். அதை மறுநாள் பார்க்கலாம் என்று வைத்தேன். மறுநாள் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

மூக்கில் குழாயோடு நீ கேட்டது நினைவிருக்கிறது. "சீட்டுப் பக்கத்த அடச்சிட்டியா?"

"அடச்சிட்டேன். நீ பேசாமப் படு."

நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு நீ வீடு திரும்பவில்லை. நானும் அந்தப் பக்கத்தை மறந்தே போனேன்.

மூன்று வருடம் அந்தக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. உன் ஆர்டருக்கு அதுவரை யாரும் சீட்டு அடிக்காததால் தெரியவில்லை. உன்னைப்போல் இன்னொருவர் எழுதியிருந்தால், அவர் பெட்டியெல்லாம் காட்டியிருக்க மாட்டார். அண்ணாச்சி சீட்டைத் திறந்த நொடியில், சத்தமில்லாமல் அவர் பெயரால் உள்ளே நுழைந்து, அத்தனை பேரின் முகவரியையும் போன் எண்ணையும் அள்ளிப் போயிருக்கலாம். காலை முழுதும் ஒவ்வொரு முகவரியாகப் படித்தேன். வேப்பமரத்து வீடுகள், மாதா கோயில் தெருக்கள், 'வந்து கூப்பிட்டால் போதும்' என்று முடிகிற வரிகள். படிக்கப் படிக்க, ஆற்றோரமாகவே வெகுதூரம் நடந்ததுபோல் இருந்தது. வேறு யாரும் அப்படி நிரல் எழுதியிருக்கவில்லை. நீ மட்டும்தான் இருந்தாய்.

அதன் பிறகும் உடனே கை வைக்கவில்லை. அடைத்தால் நீ கேட்பது நின்றுவிடும். பக்கத்தை மூன்று முறை திறந்து, மூன்று முறையும் உன்னைக் கேட்க வைத்தேன். பிறகு திருத்தினேன். பாதுகாப்பைத் திரும்பப் போட்டு, வரி பிரிப்பதைப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் விதிகளிடம் விட்டேன். அன்றே செய்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை.

மறுபடி திறந்தபோது பெட்டி எழவில்லை. முகவரி இருக்க வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளுமாக உன் வரி வெறும் எழுத்தாகக் கிடந்தது. நீ சொன்னபடியே.

"அந்த ஆர்டர அழிச்சிரவாம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இருந்துட்டுப் போவட்டும்."

எந்த வேலையை ஒப்படைக்கும் முன்பும் கட்டம் கட்டமாக உன் வரியைத்தான் தட்டிப் பார்க்கிறேன். பெட்டி எழாவிட்டால் நிம்மதி. கொஞ்சம் ஏமாற்றமும்தான். இனிமேல் பிரதியெடுத்த பக்கங்களிலும் அதைத் தட்டிப் பார்ப்பேன்.

மணி மூன்றாகிறது. சீட்டுப் பக்கத்தை அடைத்துவிட்டேன். இன்னும் சாப்பிடவில்லை. நீ கேட்ட இரண்டுக்கும் இந்த முறை உண்மையைத்தான் சொல்கிறேன்.