பித்தளைக் கப்பலில் மடித்து வைத்த பக்கங்கள்

என் பிரியமுள்ள முத்தையா,

நீ போய் நாற்பது நாளாகிறது. இன்றைக்கும் என் துணிக்கடைக்கு முன்னால் பஸ் நின்றால் தலையை நீட்டிப் பார்க்கிறேன். கக்கத்தில் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொண்டு இறங்கி, "மச்சான், இதப் படிக்காம செத்துராத" என்பாயே. என்னை மிரட்டிவிட்டு நீ முந்திக்கொண்டாய். இது நியாயமா?

இந்தக் கடிதத்தை நம் கையெழுத்துப் பத்திரிகையில்தான் எழுதுகிறேன். இந்த மலைநாட்டில் டிக்கோயாவிலிருந்து கந்தப்பளை வரை கைமாறிப் போகிற பத்திரிகை, எல்லோரும் படிக்கட்டும். மாதாமாதம் மாயக் கதைகளையும் விஞ்ஞானக் கதைகளையும் நீ சிபாரிசு செய்த பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்பலாம் என்று உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. எழுந்து துணி மடிக்கிறேன், மறுபடி வந்து பேனாவை எடுக்கிறேன். உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது, அதுதான் காரணம்.

முதலில் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மழையில் அட்டை இற்றுப்போய், புத்தகங்களுக்கு நாம் வைத்த பெயர்தானே நிலைத்தது. 'நடக்கும் மலை'யை மழை நாளில் படியுங்கள். ஒரே இடத்தில் நின்று அலுத்துப்போன மலை கடலைப் பார்க்கக் கிளம்புகிறது. முதுகில் குடியிருக்கும் ஜனங்கள் விடிந்து எழுந்து பார்த்தால் வேறு தேசம். படித்த மறுநாள் மலையேறும்போது கால் வைக்கக் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

'கண்ணாடி வயிற்று ராட்சச'னில் முதல் பத்துப் பக்கம் அரண்மனை வருணனை. வெட்கப்படாமல் தாண்டிவிடுங்கள். ராட்சசன் விழுங்கிய ஆட்கள் அவன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துவார்கள், வெளியே இருப்பவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். பெண் உள்ளே, மாப்பிள்ளை வெளியே என்று ஒரு கல்யாணம் வருகிறது. அதற்காகவே படிக்கலாம். நீ அந்த இடத்தில் சிரித்துச் சிரித்து இருமியது ஞாபகம் வருகிறது. அந்த இருமலையாவது நான் கவனித்திருக்கலாம்.

மூன்றாவது 'பித்தளைக் கப்பல்'. சண்டையே இதில்தான்.

பசியே இல்லாத ஒரு நட்சத்திரத்துக்கு ஜனங்கள் பித்தளைக் கப்பலில் ஏறிப் போகிற கதை. ஞாயிற்றுக்கிழமைகளில், கொழுந்து நிறுக்கிற மடுவம் சும்மா கிடக்கும் நேரத்தில், நீ இருந்த தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு நீ அதை வாசித்தாய். ஆரம்பிக்கும் முன் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடுவதைப் போலவே ஒவ்வொருவராகக் கூப்பிடுவாய். ஒவ்வொருவரும் "ஏறிட்டேன்" என்று குரல் கொடுத்த பிறகுதான் கப்பல் நகரும். பாதிக் கதையில் உனக்கு நெஞ்சுக் காய்ச்சல் வந்தது. நீ போன பிறகு புத்தகமும் ஞாயிறு வாசிப்பும் என் கைக்கு வந்தன.

"நாளாயிருச்சு, முதல்லேருந்து படிங்க" என்றார்கள். சரி என்றேன். முன்பக்கங்கள் சில உள்பக்கமாக மடிந்து கிடந்தன. ஈரத்தில் மடிந்தது என்று நினைத்தேன். துணிக்கடைக்காரன் மடிப்பைக் கண்டு சும்மா இருப்பானா? மேலே ஒரு துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நேராக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் கணீரென்று வாசித்தேன்.

கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவன் ஊர் ஊராக வருகிற இடம் அது. இடுப்பில் குழந்தையோடு நிற்கும் ஒருத்தியிடம், அங்கே மண்ணே இனிக்கும், அரைநாள் வேலைதான், நினைத்தபோது திரும்பி வரலாம் என்கிறான். நான் அந்தப் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. கொழுந்தெடுக்கிற மீனாட்சி அக்கா எழுந்தார்.

"எந்திரிங்கடி. இது இந்தத் தோட்டத்துக்குக் கூட்டியாந்தப்ப எங்க ஆத்தாகிட்ட சொன்ன கதை."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப் போறாங்கன்னு பேச்சா இருக்கு. இப்ப வேற எங்கிட்டோ அனுப்ப ஆள் பிடிக்கிறாங்களா? கடைக்காரரு எதுக்கு இதப் படிக்கிறாரு?"

என்னை ஆள் பிடிக்க வந்தவன் என்றே நினைத்துவிட்டார்கள், முத்தையா. அடுத்த ஞாயிறு பேர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். நீ சேர்த்த கூட்டம் என் ஒரு நாள் வாசிப்பில் கலைந்துபோனது.

புதன்கிழமை மீனாட்சி அக்கா கடைக்கு வந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தபடியே கேட்டார்.

"முத்தையா அண்ணன் படிச்சப்ப கப்பல் தானாத்தான் கெளம்புச்சு. ஆள் பிடிக்கிறவன் யாரும் வரல. அண்ணன் மறைச்சாரா?"

"மறைச்சிருக்கான் போல, அக்கா."

"எங்களுக்கு நெஞ்சுல தெம்பு இல்லேன்னு நெனச்சுட்டாரா?" அவர் குரல் ஏறியது. "அந்தப் புள்ளக்காரி திரும்பி வந்தாளா இல்லையா?"

"தெரியலக்கா. நான் இன்னும் கடைசி வரைக்கும் படிக்கல."

"இந்த ஞாயித்துக்கெழம வர்றோம். அண்ணன் எதுக்கு மறைச்சாருன்னு நீங்க சொல்லணும். சொல்லலேன்னா அதோட சரி, இனிமே வரமாட்டோம்."

அன்றிலிருந்து உன் மேல் கோபம் கோபமாக வந்தது. அட்டையில்லாத புத்தகத்தைக்கூட அவர்களை நம்பிக் கொடுத்தவன், நாலு பக்கத்தை ஏன் கொடுக்கவில்லை? அவர்களைக் குழந்தைகள் என்று நினைத்தாயா? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

பாதி எழுதியபோது வெயில் வந்தது. புத்தகத்தைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். நான் தேய்த்து அழித்த மடிப்பின் ஓரத்தில் பென்சில் எழுத்து, மங்கலாக. உன் கையெழுத்துதான்.

"இந்த இடம் வந்தால் அம்மா ஞாபகத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. என்னால் ஆகாது. யாராவது வாசியுங்கள்."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன், மச்சான். கடைக்கு வந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா கப்பலேறி வந்ததை நீ ஒரே ஒரு முறைதான் சொன்னாய். நான் அதைக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்?

வாசகர்களே, இந்த மாதம் 'பித்தளைக் கப்பல்' படியுங்கள். மடித்த பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள். இது என் சிபாரிசு இல்லை, முத்தையாவின் சிபாரிசு.

ஞாயிற்றுக்கிழமை முதலில் உன் எழுத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். பிறகு பேர் கூப்பிடுவேன். உன் பேர்தான் முதலில். அதன் பிறகு அந்த நாலு பக்கம். எனக்கும் தொண்டை அடைத்தால் புத்தகத்தை மூடிவிட்டு மீனாட்சி அக்காவைப் பார்ப்பேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த இடத்தை அவர் புத்தகம் இல்லாமலே சொல்லுவார். சத்தியமாக, அந்தப் பிள்ளைக்காரி என்ன ஆனாள் என்று தெரியும்வரை யாரையும் கப்பலிலிருந்து இறங்க விடமாட்டேன்.

உன் வாயால் கேட்க வேண்டியதை உன் பென்சிலில் படித்த,
உன் மச்சான்
சிவலிங்கம்
துணிக்கடை, அட்டன்