அப்பா கேட்டுவைத்த இங்கிலீஷ் பாட்டு

எர்ணாவூர்
17.8.2003

அன்பு மகன் அறிவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை மதியும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையில் துணி கட்டி, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் முதல் வரியில் அவரைச் சேர்க்கவில்லை. பதறாமல் படி.

இனி வைத்திருந்து பயனில்லை என்று பெரியாஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனித் தூசி நெஞ்சுக்குள் கல்லாகிவிட்டதாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவும் பகலும் கிடக்கிறார். தேறிவிடுவார் என்று எழுதச் சொல்கிறாள் மதி. எனக்குக் கை வரவில்லை. ஒப்பந்தம் முடியாமல் முதலாளி பாஸ்போர்ட்டைத் தரமாட்டான் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவன் இன்னா பண்ணுவான், வுடு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையில் தேசப்பனைக் கூட்டிவரச் சொன்னார். நீ டிரம் அடித்த அதே பேண்டு செட்டைத் தேசப்பன்தான் இன்னும் வைத்து நடத்துகிறார். "நான் செத்து என்னை எடுக்கசொல்ல அந்த இங்கிலீஷ் பாட்டை வாசி, வேற எதுவும் வேணாம்" என்றார் அப்பா. "நைனா, நீ என்னை அனுப்பிட்டு அப்பால போவ" என்று தேசப்பன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்ப ஒரு வாட்டி வாசிச்சுக் காமி. அன்னிக்கு நான் இருந்து கேக்க முடியாதில்ல" என்றார் அப்பா.

உனக்கு அந்தப் பாட்டு மறந்திருக்காது. பத்தாவது படிக்கும்போது பர்மா பஜாரில் பழைய கேசட் ஒன்று வாங்கிவந்து நாள் முழுக்கப் போட்டாய், அட்டையில் முடி வளர்த்த நாலு பேர், அதில் இரண்டு பேர் செத்தே போய்விட்டார்கள் என்று நீதான் சொன்னாய். "தகர டின்னை உருட்றாப்ல கீது, நிறுத்துடா" என்று அப்பா கத்துவார். பிறகு அதைத் தேசப்பனுக்கு நீ பழக்கி, முத்தம்மா அக்கா சாவுக்கு முதன்முதலில் வாசித்தீர்கள். அன்று பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்த அப்பா, குளித்த தலையைத் துவட்டிக்கொண்டே, "நம்ம புள்ள அடிக்கு அடி நடுவுல கொஞ்சம் காலி வுடுறான்மே. தூக்குறவன் அதுல தோள் மாத்திக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டு வந்து ஒரு பொங்கல் தாண்டாமல் போய்விட்டது. இது போகவில்லை. நம் பக்கத்தில் இது கேட்டால் யாரோ போய்ச்சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அதை யோசிக்காமல் தேசப்பன் ஆட்கள் நம் பிளாக்கு வாசலில் நின்று வாசித்துவிட்டார்கள். ராமசெல்வி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாலையோடு வந்துவிட்டாள். தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு நம் வீட்டுப் பக்கமே திரும்பாத ஃப்ளோரன்ஸ் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, "இன்னாமே ஃப்ளோரன்ஸு, உயிரோட கீறசொல்ல பேசல, இப்ப இன்னாத்துக்கு அழுவுற" என்றார். "சாவாத ஆளுக்கு இன்னாய்யா மேளம், பேமானி" என்று திட்டிக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்தாள். மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம், "நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று ராமசெல்வி கொடுத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம் அறிவு, அப்பா இருமி இருமிச் சிரித்தார், அந்த இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மாலை கட்டில் காலில்தான் தொங்குகிறது, காய்ந்துவிட்டது, எடுக்க விடமாட்டேன் என்கிறார். எல்லாரும் போன பிறகு என்னிடம், "கிளாரினெட்டு சரிதான். டிரம்முதான் அறிவு அடிச்சாப்ல இல்ல. புதுசா வந்தவன் காலியே வுடாம ரொப்புறான்" என்றார். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தப் பாட்டில் ஒரு சொல் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பாடியவர்களுக்கு எர்ணாவூர் என்று ஓர் இடம் இருப்பதே தெரிந்திருக்காது. நமக்கென்று கட்டிக்கொடுத்த இந்த வீடு நமக்குப் பொருந்தவில்லை, நமக்கென்று திறந்த கம்பெனி இப்படிச் செய்துவிட்டது, நமக்காகச் செய்யாத அந்தப் பாட்டு மட்டும் அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை, அழுகைதான் வருகிறது.

முதலாளியிடம் சண்டை போடாதே. ஓடிவரப் பார்த்துச் சிறையில் கிடப்பவர்களைப் பற்றி இங்கேயும் பேசிக்கொள்கிறார்கள். நீ வருவாய் என்று அப்பா இப்போது எதிர்பார்க்கவில்லை. அதை உனக்கு எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் கஷ்டம் எங்களோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் நான் வேண்டிக்கொள்வது.

ஒன்று மட்டும் மறக்காதே. அப்பாவை எடுக்கும் அன்றைக்கு மதி அவள் செல்போனிலிருந்து உன் அறைக்குக் கூப்பிடுவாள். எடுத்தால் யாரும் பேசமாட்டோம், போனைத் தேசப்பன் பக்கம் நீட்டிப் பிடிப்பாள். நீ அலோ அலோ என்று கத்தாதே. கட்டிலோ தகரமோ கைக்கு எது கிடைக்கிறதோ அதில் அடி. பேண்டுச் சத்தத்தில் நீ அடிப்பது இங்கே யாருக்கும் கேட்காது, இருந்தாலும் அடி. காலி விடவேண்டிய இடத்தில் விடு. தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ளட்டும்.

உன் அம்மா
ஜெ. கன்னியம்மா