குழாயடிச் சட்டம்

அக்கரப்பத்தனை
இலங்கை, ஜூன் 1952

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகத்தையும் அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்பதையும் எழுது.

ஊரில் ஓட்டுப் போட்டதையும் விரலில் வைத்த மை அழியவே இல்லை என்பதையும் ரொம்பத்தான் பீற்றியிருந்தாய். இங்கேயும் போன மாதம் தேர்தல் நடந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்து ஆட்களான எங்களுக்குத்தான் ஓட்டு இல்லை. அதனால் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் நாங்களே ஒன்று நடத்தினோம்.

லயத்துக்கு ஒரே குழாய், தினமும் சண்டை. சட்டம் போடுகிறவர், அதை நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரும் வேறு வேறு ஆளாக இருப்பதுதான் நல்ல அரசாங்கம் என்று தொழிற்சங்கத்துக்காரர் சொன்னார். தோட்டத்தில் மூன்றும் துரைதான். குழாயடியாவது உருப்படட்டும் என்று, போட்டிக்கு நின்றவர்களுக்கு ஆளுக்கொரு கொழுந்துக் கூடை வைத்து, அதில் தேயிலைக் கொட்டை போட்டுத் தேர்ந்தெடுத்தோம். சட்டம் போட அழகன், காவலுக்கு நான், தீர்ப்புக்கு வேலாயி அக்கா.

காலையில் குழாயடியில் துணி துவைக்கக் கூடாது என்று அழகன் சட்டம் போட்டான். மறுநாளே கம்பளி துவைத்து என்னிடம் மாட்டிக்கொண்டான்.

"சட்டம் போட்டவனே நாந்தான். இப்பவே மாத்திப்புட்டேன்" என்றான்.

"தாராளமா மாத்திக்க தம்பி. ஆனா நீ தொவைச்சது பழைய சட்டத்துலதான? ஒரு வாரத்துக்குச் சாக்கடையக் கழுவு" என்றார் வேலாயி அக்கா. கழுவிக்கொண்டிருக்கிறான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மோர்மிளகாய் கொடுத்தனுப்பு. தலையணை உறையும் ஒன்று வேண்டும்; புதுத்துணி வேண்டாம், உன் பழைய சேலையில் தைத்தால் போதும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படித்துவிட்டார்கள், வேலைக்கு ஓடுகிறேன்.

அந்த ஓட்டு மையில் ஒரு சொட்டுக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார். நானும் ஓட்டுப் போட்டுவிட்டேன் நல்லம்மா, விரலில்தான் ஒன்றுமில்லை.

உன் குழாயடிக் காவல்காரன்,
கருப்பண்ணன்