போட்டை விடாத கை

மே 6, செவ்வாய்

முதுகு விண்விண் என்கிறது. விடிந்ததிலிருந்து நாலு ஓட்டம். பவளப்பாறைக்கு வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, ஏற்றி, திரும்பவும் இறக்கி... "கீழ நீல மீன், மஞ்சள் மீன், பாருங்க சேர்" என்று பத்து வருடமாகச் சொல்கிற வாய் இது. நான் ஒன்றையும் கண்டதில்லை. எனக்கு நீந்தத் தெரியாது.

இன்று கரைக்கு ஓர் அதிகாரி வந்தார். மாதக் கடைசியில் போட்காரர் எல்லாருக்கும் நீச்சல் சோதனையாம். தேறாதவனுக்கு ஆள் ஏற்ற அனுமதி இல்லை. பக்கத்து போட் இன்பாஸ் சிரிக்கிறான். "எங்களுக்கென்ன ஹஸன், கடலிலயே பொறந்த ஆக்கள்!" நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அனுமதி போனால் பழையபடி வலைதான். இந்த முதுகோடு ஏலாது.

மே 7

வாப்பா சொல்வார்: "நீந்தத் தெரிஞ்சவன் போட்டை விட்டிட்டுக் குதிப்பான். தெரியாதவன் போட்டைப் பிடிச்சிக்கிட்டு உயிரோட வருவான்." அதனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் பழக்கவில்லை. அவரும் கடைசியில் கட்டிலில்தான் மௌத்தானார். அந்தக் கதை பிழை என்று எப்படிச் சொல்வது?

மே 11, ஞாயிறு

மனைவி நிப்லாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "நான் பழக்கிறன்" என்றாள்.

கந்தளாய்க் குளத்தில் குதித்து வளர்ந்தவளாம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. நான் கேட்டதுமில்லை.

மே 14

சுபஹு தொழுதுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் களப்பின் அலையில்லாத தண்ணீரில். "காலை அடியுங்க. அடியுங்க எண்டா! நுளம்புக்கா அடிக்கிறீங்க?" மூக்கெல்லாம் உப்பு. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

மே 22

மிதந்தேன். முதுகுக்குக் கீழே அவள் கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மிதந்தேன். அவளோ கரையில் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மே 28, புதன்

தோற்றுவிட்டேன்.

போட்டிலிருந்து குதித்து மிதவை வரை நீந்த வேண்டும், அவ்வளவுதான். களப்பில் அதைவிடத் தூரம் போயிருக்கிறேன். விளிம்பில நிண்டன். கை விடேல்ல. "குதியுங்க, குதியுங்க" எண்டார் அதிகாரி. விடேல்லயே! என்ன கை இது? இன்பாஸ் சிரிக்கவில்லை. அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

திங்கட்கிழமை இன்னொரு தரம் பார்ப்பார்களாம். நான் போகமாட்டேன்.

மே 29

பழைய வலையை எடுத்து, கிழிசல் தைக்க வெளியே விரித்துப் போட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

ஆள் ஏற்ற ஏலாத போட்டில் நிப்லாவை ஏற்றினேன். "ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினீங்களே, அந்த மீனை எனக்கும் காட்டுங்க" என்று பிடித்த பிடி.

பாறையடியில் எஞ்சினை நிறுத்தி, நான் நங்கூரத்தை எடுப்பதற்குள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். முகம் தண்ணீருக்குள். அசையவில்லை. கூப்பிட்டேன். அசையவில்லை. நிப்லா! நிப்லா! அல்லாஹ்வே—

பிறகு நான் தண்ணீருக்குள் இருந்தேன். எப்போது குதித்தேன் என்று தெரியாது. தோளைப் பிடித்து இழுத்ததும் தலையைத் தூக்கி முறைத்தாள்.

"என்ன மனிசன் நீங்க? மீனெல்லாம் ஓடிட்டு! போட்டை ஆர் பாக்கிற?"

திரும்பினால், போட் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பேருமாக நீந்திப் போய்ப் பிடித்தோம். நான்தான் முதலில் பிடித்தேன்.

நாளைக்குச் சோதனைக்குப் போகிறேன். நீல மீன் மெய்யாகவே இருக்கிறதாம். மஞ்சள் மீனை நானே பார்க்க வேண்டும்.