நாற்காலி மாற்றிய அறிவிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் மேலாளர், தெளிவாக எழுதவும் காதுகொடுத்துக் கேட்கவும் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். வந்ததும், "ஊழியர்கள் தற்போதைய இருக்கைகளிலிருந்து விடுவிக்கப்படுவார்கள்" என்று மெயில் அனுப்பினார். எங்கள் அலுவலகத்திலேயே வேலை பார்த்த என் அறைத்தோழி, வேலை போய்விட்டதென்று பதறி அவரிடம் ஓடினாள். "எல்லாம் மெயில்ல தெளிவா இருக்கும்மா" என்றாராம், தலை நிமிராமலே. துரத்துமுன் நாமே போய்விடலாம் என்று ராஜினாமா கொடுத்து, அறையையும் காலி செய்துவிட்டாள்.

மறுநாள் லாரியில் புது நாற்காலிகள் வந்திறங்கின. அந்த மகாமேதை சொல்ல வந்தது அவ்வளவுதான்.

நான் நேரே போனேன். "நாற்காலி மாத்துறோம்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே சார். அவளத் திரும்பக் கூப்பிடுங்க."

கண்ணை மூடித் தலையாட்டினார். கேட்பதற்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள் போலும். "நல்ல கருத்து. எழுதிக் குடுங்க" என்றார். இன்னும் கூப்பிடவில்லை. இந்த ஜென்மத்துக்குத்தான் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

கவலைப்படாதீர்கள், என் வேலைக்கு ஆபத்தில்லை.

ஒன்று மட்டும். போனில் 'சாப்பிட்டியா, சரி வை' என்று முடித்துவிடாதீர்கள். அம்மா சமைக்கும்போது போனைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் பரவாயில்லை, இங்கே என் அறையில் ஏதாவது சத்தம் கேட்கட்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்