எதற்கெடுத்தாலும் நிற்கும் டீபக்கர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்!

இங்கே ஒரு வாரமாக என் உயிரை எடுப்பது டீபக்கர். புரோகிராமில் பிழை வந்தால் ஓட்டத்தை நிறுத்திக் காட்டுகிற கருவி அது. சின்னச் சின்னப் பிழைக்கெல்லாம் ஒரு நாளில் நூறு தடவை நின்று தொலைத்தது. பக்கத்து சீட்டுக்காரர், "எந்தெந்தப் பிழைக்கு நிக்கணும்னு இருக்கிற பட்டியல்ல டிக்கை எல்லாம் எடுத்துத் தொலைங்க" என்றார். எடுத்தேன். நிஜமான பிழை வந்தபோதும் நிற்காமல் ஓடிவிட்டது. திட்டு மட்டும் எனக்கு!

கடைசியில் ஒரே ஒரு வகைக்கு டிக் போட்டேன்: இருக்கும் என்று நம்பிப் போன இடத்தில் ஒன்றுமே இல்லாத பிழை. இப்போது அதற்கு மட்டும்தான் நிற்கிறது.

நேற்று அறைக் கதவைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் "அம்மா, பசிக்குது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். சிரிப்புத்தான் வந்தது, கவலைப்படாதே.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓட வேண்டும். நீ அனுப்பப்போகிற பார்சலில் என் குடையோடு உன் பழைய செருப்பு ஒரு ஜோடியும் வை. அளவு எனக்குச் சேராது, தெரியும். வாசலில் சும்மா கிடக்கட்டும்.

உன் மகள்