தொட்டிலுக்கு மேலே நீல விளக்கு

ஜனவரி 5

எல்லோரும் தூங்கியாயிற்று. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

தேர்வு சுமார்தான். அதை எழுத இங்கே உட்காரவில்லை. இன்றைக்கும் அக்காவுடைய பாப்பாவின் கன்னத்தைத் தொட்டதும் சட்டென்று ஒரு பொறி. வீரிட்டு அழுதான். அவன் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அக்கா சிரித்தாள். "வந்துட்டா கரண்ட் கம்பி. எங்கேயாவது இரும்பைத் தொட்டு இறக்கி வச்சுட்டு வாடி." காற்று வறண்டு கிடக்கிறது, என் கம்பளிச் சட்டையை இருட்டில் கழற்றினால் படபடவென்று மின்னுகிறது. நிலைமின்சாரம்தான், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. புத்தகம் எழுதியவர் மூன்று வாரக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாரா?

அப்பா இன்று ஒரு குழல்விளக்கு கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் மின்சாரப் பராமரிப்பு வேலை அவருக்கு. ஆபரேஷன் தியேட்டரைப் புதுப்பிக்கும்போது கழற்றிப் போட்டதாம். கிருமியைக் கொல்லும் விளக்கு. அக்காவும் அம்மாவும் நானும் படுக்கும் அறையில், தொட்டில் பக்கம் பழைய டியூப்லைட் பட்டியிலேயே மாட்டிவிட்டார். லேசான நீல வெளிச்சம். "இனிமே ஒரு கிருமி என் பேரனை அண்டாது," என்றார். இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

எரியும்போது ஒரு மணம் வருகிறது. ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்த மாதிரி.

ஜனவரி 7

நள்ளிரவிலிருந்து பாப்பா ஓயாமல் அழுதான். இமை இரண்டும் வீங்கி, கண்ணீர் வழிகிறது. அக்காவுக்கும் அம்மாவுக்கும் கண் உறுத்தல். எனக்கும்தான். பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் கண்நோயை வாங்கி வந்திருப்பேன் என்கிறாள் அம்மா. என் வகுப்பில் யாருக்கும் கண் வலிக்கவில்லை.

ஜனவரி 8

"கொஞ்ச நாளைக்கு நீ அவனைத் தூக்க வேணாம்டி," என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

என்னாலா? என் கையிலிருந்து போன அந்தப் பொறியாலா?

ஜனவரி 10

மாடி வீட்டு அத்தை வந்து பார்த்தாள். எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் போன மாதம் செல்போன் டவர் நிறுத்தினார்களே, அதன் அலைதான் காரணமாம். அவளுடைய தலைவலி, அவள் வீட்டுக்காரரின் முடி கொட்டுவது, எல்லாமே டவர்தான். அவருக்குக் கல்யாணத்தின்போதே வழுக்கை என்று அக்கா என் காதில் முணுமுணுத்தாள். ஆனாலும் வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள்.

நானும் நம்பினேன். காரணம் நான் இல்லை என்று ஆகிவிடுமே.

அப்பா ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினார். ஜன்னல் பக்கம் இருந்த தொட்டிலை நகர்த்தி விளக்குக்கு நேர் கீழே போட்டார். "நோய் வேற சேர்ந்துடக் கூடாது," என்று விளக்கைக் கூடுதல் நேரம் எரிய விடச் சொன்னார். அக்கா ராத்திரி பால் கொடுத்து முடிக்கும்வரை அது எரிகிறது. பாப்பா முழித்திருந்தால் அதையே பார்க்கிறான்.

ஜனவரி 11

கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. எழுத முடியவில்லை.

ஜனவரி 13

நேற்றுச் சாயங்காலம் போன மின்சாரம் விடிந்துதான் வந்தது. மெழுகுவர்த்தியோடு கிடந்தோம். பாப்பா தூங்கினான். அக்காவும் தூங்கினாள். யாருக்கும் கண் வலிக்கவில்லை.

காலையில் அம்மா, "பார்த்தீங்களா, கரண்ட் இல்லாததால டவர் ஓடல," என்றாள். அப்பா தலையாட்டினார்.

ஆனால் டவர் ஓடியது. அதன் ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டுமா கேட்டது?

ஜனவரி 14

இன்று பாப்பாவைக் குளிப்பாட்டத் தொப்பியைக் கழற்றினார்கள். தூரத்தில் நின்று பார்த்தேன். முகம் முழுக்க வெயிலில் வாடியது போலச் சிவப்பு. தொப்பி மூடியிருந்த நெற்றியோ வெள்ளை. நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்தது மாதிரி ஒரு கோடு.

அவன் வெயிலையே பார்த்ததில்லை.

டவரின் அலை சுவரைத் தாண்டி வருகிறது என்கிறார்கள். சுவரைத் தாண்டி வருவது ஒரு துணித் தொப்பியில் நின்றுவிடுமா? என் பொறி பட்டது கன்னத்தில் ஓர் இடம். அது முகம் முழுக்கப் பரவி, தொப்பி ஓரத்தில் ஒழுங்காக நின்றுகொள்ளுமா? துணியில் நிற்பது வெளிச்சம். நிழல் விழுவது வெளிச்சத்துக்குத்தான்.

கண்ணாடியில் பார்த்தேன். என் கழுத்திலும் சட்டைக் காலர் வரைக்கும் சிவப்பு.

அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? பேரனுக்காக ஆசையாக அந்த விளக்கைக் கொண்டுவந்தார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். இன்று விளக்கு எரியவில்லை.

ஜனவரி 15

அப்பா தன் பையிலிருந்து வேறு ஸ்டார்ட்டர் எடுத்துத் திருகினார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? நான் என்ன பிறவி?

பாப்பா இப்போது அழுதுகொண்டிருக்கிறான். குரல் கம்மிவிட்டது.

ஜனவரி 16

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா விளக்கைப் போட்டதும் சொன்னேன். தொப்பி, காலர், ஜெனரேட்டர், எல்லாம் குளறிக் குளறிச் சொன்னேன். அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் கோபம். நீ பிறக்குறதுக்கு முன்னாடியிருந்து லைட் மாட்டுறேன், எனக்கே பாடம் எடுக்குறியா என்றார். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள்.

நான் போகவில்லை. "ஆஸ்பத்திரியில அது எரியும்போது நீங்க உள்ள நின்னிருக்கீங்களாப்பா?" என்று கேட்டேன்.

அங்கே அந்த விளக்குக்கு சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்ததாம். எல்லோரும் போன பிறகு கதவைப் பூட்டிவிட்டுத்தான் அப்பா போடுவாராம். அணைத்த பிறகுதான் திறப்பாராம். மனிதர்கள் மூச்சு பட்டு அறை அசுத்தமாகிவிடக் கூடாது, அதற்காகப் பூட்டுகிறார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாராம். இதை அவர் யாரிடமோ பேசுவது போல, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு விளக்கை அணைத்தார். அக்கா பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், விளக்குப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாள். "எங்க ஆஸ்பத்திரிக்கே போவோம். என்ன லைட்டுன்னு சொன்னாத்தானே அவங்க சரியாப் பார்ப்பாங்க," என்றார் அப்பா. செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஜனவரி 17

கண் டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தவர், தொட்டில் எங்கே இருந்தது என்று அப்பா சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த வெளிச்சம் கண்ணின் மேல்தோலைச் சுட்டுவிடுமாம். சுடும்போது தெரியாதாம், சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்குமாம். எங்களுக்குச் சீக்கிரம் ஆறிவிடும். பாப்பாவைப் பற்றி, "தூங்கின நேரமெல்லாம் இமை காப்பாத்தியிருக்கு," என்றார். முழித்திருந்த நேரம்? அக்கா கேட்டாள். ஆறட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அப்பாவை அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரி 24

நானும் அக்காவும் முறை வைத்துக்கொண்டு பாப்பா கண்ணில் சொட்டு மருந்து போடுகிறோம். அக்காதான் என்னை மறுபடியும் பாப்பாவைத் தூக்கச் சொன்னாள்.

பிப்ரவரி 6

பாப்பாவின் முகத்தில் தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். நேற்று டாக்டரம்மா, கண் பின்னால் போகிறதா என்று சின்ன டார்ச்சை அவன் முகத்துக்கு நேரே நகர்த்திப் பார்த்தார். மறுபடியும் நகர்த்தினார். அடுத்த மாதம் வரச் சொன்னார்.

அப்பாவுக்கு இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இல்லை. இப்போதெல்லாம் வீட்டில் எந்த விளக்கைப் போடுவதற்கு முன்னாலும், "போடட்டுமா?" என்று கேட்கிறார். அக்கா பாப்பாவின் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "ம்" என்பாள். அதற்குப் பிறகுதான் போடுவார். அவளும் அவரும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

இன்று இருட்டியதும் கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். அப்பா சுவிட்சில் கை வைத்தபடி அப்படியே நின்றார். பாப்பா பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? அந்த இருட்டில் எனக்குத் தெரியவில்லை.